மாமாவுக்குச் சொன்ன கொழும்பு

மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்பதை வீட்டில் முதலில் அறிந்தது நான்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோறு போட்டுக் கொடுத்தால், கறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் குழைத்தார். வயலுக்குப் போகும்போது வரம்பில் காலை ஊன்றுவதற்கு முன் பாதத்தால் ஒருமுறை தடவினார். வெயிலில் நின்றால் இரண்டு கண்மணிகளிலும் சாம்பல் படிந்ததுபோல வெள்ளை தெரிந்தது. நான் கலியாணம் முடித்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து இரண்டாவது வருஷம். அறுபதுகளின் தொடக்கம்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய முதல் ஆட்களில் அவரும் மாமியும் இருந்தார்கள். வந்த கொஞ்சக் காலத்திலேயே மாமி காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆகவே வீட்டில் மாமா, கணவர், நான் மூன்று பேர்தான். அப்படியிருந்தும் மாமாவும் நானும் நேரே கதைப்பது குறைவு. அவருக்கு ஏதும் வேண்டுமென்றால் மகனிடம் சொல்வார். நான் குசினிக்குள் நின்று கேட்டுச் செய்வேன். கோபம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மாமனும் மருமகளும் அப்படித்தான் இருந்தார்கள். கண் விஷயத்தையும் நான் கணவரிடம்தான் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் காட்டினோம். டொக்டர் பார்த்துவிட்டு, ஒரு கண்ணில் வெள்ளையோடு வேறு சிக்கலும் இருக்கிறது, மற்றக் கண்ணையாவது காப்பாற்ற வேண்டும், கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். போக வேண்டிய நாள் நெருங்கியபோது மாசி மாதம். வெட்டிய நெல் கதிரோடு சூடு வைத்து வயலில் குவிந்து கிடந்தது. அதை மிதித்துத் தூற்றி எடுக்கும்வரை கணவரால் காவலை விட்டு அசைய முடியாது. மாமா தான் தனியே போவதாகச் சொன்னார். முற்றத்தில் கிடந்த வாளி தெரியாமல் அவர் இடறி விழுந்தது அன்று காலையில்தான். நான் குசினி வாசலில் நின்று, "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி கணவனோடு மருதானையில் இருந்தாள், அங்கே தங்கலாம். எனக்கு ஓரளவு இங்கிலீஷும் வரும். சொன்ன பிறகுதான் யோசித்தேன், அநுராதபுரத்துக்கு அப்பால் நான் போனதே இல்லை.

கிளிநொச்சிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். துணி எடுக்க அடிக்கடி கொழும்புக்குப் போய்வருகிறவர். கணவர் அவரிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்ன வரைபடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தார். தடித்த அட்டைக்குள் மடித்து வைத்த கொழும்புப் படம். சட்டைப்பைக்குள் அடங்கும். விரித்தால் ஒரு தலையணை உறை அளவுக்கு வரும். மடிப்புகள் தேய்ந்து, மூலைகளில் ஓட்டை விழுந்திருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ட்ராம் ஓடின காலத்துப் படம், ட்ராமைத் தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம்.

"உந்தப் படத்தை வைச்சு என்ன செய்யப்போறீர்? கொழும்பைச் சுத்தவே போறீர்?" என்று கணவர் பகிடியாகக் கேட்டார்.

நான் மத்தியானங்களில் பாயில் அந்தப் படத்தை விரித்து, காற்றில் பறக்காமல் மூலையில் அரிசி அளக்கிற கொத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் திசை என்றால் குளம் இருக்கிற பக்கம், குளம் இல்லாத பக்கம், அவ்வளவுதான். பெரிய வாய்க்கால், அதில் பிரியும் சின்ன வாய்க்கால், அதன் கரையில் வரிசையாகக் காணிகள். யாரையும் வழி கேட்கத் தேவையில்லை. கேட்டாலும் 'வாய்க்காலோட போங்கோ' என்பார்கள். இந்தப் படத்திலோ வீதிகள் எல்லாப் பக்கமும் ஓடின. ஒரு பக்கம் முழுக்க நீலம், கடல். நடுவில் கோணல்மாணலாக இன்னொரு நீலம், ஏரி. அந்த இரண்டு நீலத்தையும் மனதில் பிடித்துக்கொண்ட பிறகு மற்றவை மெல்ல மெல்ல இடத்துக்கு வந்தன. மருதானை ஸ்டேசனைக் கண்டுபிடித்தேன். சிநேகிதியின் வீடு இருந்த சின்ன ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன். கண் ஆஸ்பத்திரி தெற்கே இருந்தது. ஒரு விரலால் அவற்றுக்கிடையே போய்வந்தேன். மாமா கதிரையில் இருந்தபடி, நான் தாளைத் திருப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரயில் கோச்சியில் முழுப்பகலும் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. மதவாச்சியில் வடை வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மருதானையில் சிநேகிதியின் கணவர் வந்து நிற்பதாக ஏற்பாடு. ஆனால் ஸ்டேசனில் ஆளைக் காணவில்லை. கந்தோரில் வேலை முடியவில்லை என்று மறித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் கலைந்து, நாங்களும் பெட்டியும் மிஞ்சினோம். வெளியே வந்தால் சத்தம் சுவர்போல எழும்பி நின்றது.

மாமா முதல் எதிர்ப்பட்டவரைப் பிடித்து, ஒழுங்கையின் பெயரைச் சொல்லித் தமிழில் வழி கேட்டார். அந்த மனிதர் அன்பாகத்தான் நின்று, சிங்களத்தில் நீளமாகச் சொல்லி, கையை மூன்று பக்கமும் காட்டிவிட்டுப் போனார். மாமாவுக்குக் கையும் தெரியவில்லை, பாஷையும் தெரியவில்லை. "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் அவரை நிறுத்திவிட்டுப் படத்தை விரித்தேன். தெருவில் நின்று ஒரு பெண் தாளை விரிப்பதை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "உள்ள வைச்சிட்டு ஆரையும் கேளும் பிள்ளை" என்றார். நான் கேட்காததுபோல நின்றேன். வீதிப் பலகைகளில் பாதி புதிதாகச் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தன. பெயரை வைத்துப் பிடிக்க முடியாது. எனவே வீதியின் வடிவத்தைப் பார்த்தேன். ஸ்டேசனுக்கு முன்னால் வீதி எப்படி வளைகிறது, எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்து, நான் நின்ற திசைக்குப் படத்தையும் திருப்பினேன். அப்போது ஒரு கணத்தில் தாளும் தெருவும் ஒன்றோடொன்று பொருந்தின. அந்தக் கணத்தை இப்போதும் உடம்பில் உணர்கிறேன். கிணற்றடியில் தலையில் முதல் வாளி தண்ணீர் விழுகிறபோது வருமே, அப்படி ஒரு விழிப்பு.

பெட்டியை ஒரு கையிலும் மாமாவின் முழங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் சிநேகிதியின் வீட்டு வாசலில் நின்றோம். இரவு சாப்பிடும்போது மாமா, "அந்தக் கடுதாசி சரியாத்தான் காட்டுது" என்று சிநேகிதியின் கணவரிடம் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்கு அடுத்த நாள் ஒரு கண்ணில் வெட்டு நடந்தது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணை வெட்டினாலும் இரண்டையும் கட்டிவிடுவார்கள். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். இருமக்கூடாது, குனியக்கூடாது, சிரிக்கவும் கூடாது. தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். மாமாவின் வார்ட்டு மிஸ்ஸி கொஞ்சம் தமிழ் தெரிந்தவர், கண்டிப்பானவர்.

பார்க்க விடுவது மத்தியானம் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம். நான் சோறும் பாலும் கொண்டுபோய், கரண்டியால் ஊட்டினேன். ஊட்டி முடிந்தால் நேரம் மிச்சம் இருந்தது. பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மௌனமாக இருந்தோம். அவருக்கு முகம் திருப்பவும் வழியில்லை. எனக்குப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அவர்தான் தொடங்கினார்.

"பிள்ளை, எதால வந்தனீர்?"

"டீன்ஸ் றோட்டால நேர வந்தனான் மாமா."

"ரெண்டு பக்கமும் என்ன?"

நான் யோசித்துச் சொன்னேன். மரங்கள் என்றேன். என்ன மரம் என்று கேட்டார். வாகைபோல இருந்தது என்றேன். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டார். அதைக் கவனிக்கவில்லை. பின்னேரம் வரும்போது கவனித்துக்கொண்டு வந்து சொன்னேன்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. ஒரே வீதியைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது. எனவே நான் காலையில் படத்தை விரித்து, இன்று எந்த வழியால் போகலாம் என்று பார்ப்பேன். ஒரு நாள் ஏரிக்கரையால் சுற்றிப் போனேன். ஒரு நாள் சந்தைப் பக்கம். ஒரு நாள் பூங்காவின் மறுபக்கத்தால். போனதையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். எந்தச் சந்தியில் இடது கைப்பக்கம் திரும்பினேன், எங்கே மீன் மணந்தது, எங்கே மணி அடித்தது, எல்லாம். ட்ராம் இல்லாத வீதிகளில் அதன் தண்டவாளம் மட்டும் தாருக்கு நடுவே மினுங்கிக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்து, சில நேரம், "அப்ப நேற்று வந்த சந்திக்கு மேற்காலயெல்லே நிண்டிருக்கிறீர்" என்பார். பிறகு படத்தில் பார்ப்பேன். சில தடவை சரியாக இருக்கும். சில தடவை அவர் முழுக்கப் பிழையாக ஏரியைக் கொண்டுபோய்க் கடலுக்கு அப்பால் வைத்திருப்பார். நான் திருத்துவேன். மூடிய கண்ணுக்குள் அவர் ஒரு கொழும்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் பார்க்கும் நேரம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போகாமல் கொம்பனித்தெரு வழியாக நடந்து காலிமுகத்திடலுக்குப் போனேன். படத்தில் அது ஒரு பச்சைக் கீற்று. அதற்கப்பால் நீலம். அங்கே போய் நின்றபோது கடல் படத்தில் இருந்ததுபோல அமைதியாக இருக்கவில்லை. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகள் என்று தெரிந்த ஒரு கண்ணும் அங்கே இல்லை. ஸ்கந்தபுரத்தில் நான் வாய்க்காலைத் தாண்டினால் நாலு வீட்டுக்குத் தெரியும். இங்கே நான் நிற்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அது பயமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இருட்டுவதற்கு முன் வழி பிழைக்காமல் திரும்பிவிட்டேன். அடுத்த நாள் அதையும் மாமாவுக்குச் சொன்னேன். தனியாகவா போனீர் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "அலை பெரிசோ?" என்றுதான் கேட்டார்.

அதற்கு அடுத்த நாள்தான் அவர் கொட்டாஞ்சேனையைப் பற்றி விசாரித்தார். அது அந்தக் கடுதாசியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மருதானையிலிருந்து எவ்வளவு தூரம் என்றார். படத்தின் மூலையில் மைல் கணக்குக் காட்டும் கோடு ஒன்று உண்டு. அதை விரலால் அளந்து, நடக்கக்கூடிய தூரம்தான் என்றேன். அதோடு விட்டுவிட்டார். பின்னேரம் பாலைக் கொடுத்து முடிந்ததும் சொன்னார்.

மாமாவுக்கு ஒரு தம்பி இருப்பது எனக்குப் பெயரளவில் தெரியும். எங்கள் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இளமையிலேயே கொழும்புக்கு வந்து ஒரு சுருட்டுக்கடையில் நின்று, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்துகிறவர். கலியாணம் செய்யவில்லை. சின்ன வயதில் தாயை இழந்தவரை, அண்ணியாக வந்த மாமிதான் பிள்ளைபோலப் பார்த்திருக்கிறார். மாமா வன்னிக்குப் போகப்போகிறேன் என்றபோது, தம்பி வேண்டாம் என்று நின்றிருக்கிறார். காட்டுக்குள் ஆஸ்பத்திரி இல்லை, றோட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறார். மாமி செத்த வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால், 'அண்ணியைக் காட்டுக்குள்ள கொண்டுவந்து சாகக் குடுத்திட்டாய்' என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போனவர்தான். அதன் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதையெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடந்தபடி, ஒரே குரலில் சொன்னார். கண்ணைக் கட்டியிருந்ததால்தான் அவரால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்:

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும். கதைக்க வேண்டாம். ஆள் இருக்கிறானோ எண்டு மட்டும் பாரும்."

கடை ஒரு பெரிய மாதா கோவிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் என்பதைத் தவிர அவருக்கு வேறு விபரம் தெரியாது. படத்தில் தேவாலயங்களுக்குச் சிலுவை போட்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் பார்த்தால் சிலுவைகள் ஒன்றிரண்டல்ல. மறுநாள் காலையில் பஞ்சிகாவத்தையால் நடந்து, ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டி, ஒவ்வொரு சிலுவையாகப் போய்ப் பார்த்தேன். முதலாவதன் பின்னால் ஒழுங்கையே இல்லை, மதில்தான். இரண்டாவதன் பின்னால் ஒரு ஒழுங்கை, அதில் தையல்கடையும் தச்சுப்பட்டறையும் இருந்தன. மூன்றாவதன் பின்னால் போனபோதே புகையிலை மணம் வந்தது.

சின்னக் கடை. சுருட்டுக் கட்டுகள், வெற்றிலை, ஒரு வாழைக்குலை. உள்ளே ஒருவர் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மாமாவின் நெற்றி, மாமாவின் காது. ஆள் மெலிவு. உயிரோடு இருந்தார். என் வேலை அத்தோடு முடிந்தது. நான் கடையைக் கடந்து ஒழுங்கையின் முடிவுவரை போனேன். அங்கே வழி இல்லை. திரும்பி அதே கடைக்கு முன்னால் வரவேண்டியதாயிற்று. கையில் படம். அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"எவடம் தேடுறீங்கள் பிள்ளை?"

படத்தை அவருடைய மேசையில் விரித்து, "நாங்கள் இப்ப நிக்கிற இடம் இதில எது?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தனக்கும் இங்கிலீஷ் வாசிக்க வரும் என்று காட்டுவதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்தார். கோட்டையைக் கண்டுபிடித்தார். துறைமுகத்தைக் கண்டுபிடித்தார். தன்னுடைய ஒழுங்கையைக் காணவில்லை. கடைசியில் நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே இருந்த ஒரு நீலக் கோட்டைக் காட்டி, இது என்ன என்றார். களனி ஆறு என்றேன்.

"ஆறு இவ்வளவு கிட்டவோ? வந்து இருவது வரியத்துக்கு மேல. ஆறு வேற எங்கயோ எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

கடையிலிருந்து ஸ்டேசன், ஸ்டேசனிலிருந்து கடை. சாமான் எடுக்கப் புறக்கோட்டை. கொழும்பு அவருக்கு அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். கிளிநொச்சி என்றேன்.

சிரிப்பு நின்றது. கிளிநொச்சியில் எவ்விடம் என்றார். ஸ்கந்தபுரம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆற்ற பிள்ளை நீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். கதைக்க வேண்டாம் என்று மாமா சொன்னது நினைவிருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் நின்று கதைக்காமல் வர என்னால் முடியவில்லை. மருமகள் என்றேன். மாமாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியையும் வார்ட்டையும் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இரண்டு கண்ணும் கட்டியிருக்கிறதா என்று. ஓம் என்றேன். படத்தை வைத்துக்கொள்ளுங்கோ, போக உதவும் என்று நீட்டினேன். இருபது வருஷம் இருந்த எனக்கு எதுக்குப் பிள்ளை என்று திருப்பித் தந்தார். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வெட்டித் தந்தார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன், கதைத்ததையும் சேர்த்து. அவர் கோபிக்கவில்லை. மெலிந்துவிட்டானா, தலை நரைத்துவிட்டதா என்று கேட்டார். வாழைப்பழத்தை ஊட்டினேன். மெல்ல மெல்லச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வார்ட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமாவின் கை விரிப்பைப் பிடித்தது. நான் எந்த வழியால் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் கேட்டமாதிரித் தெரியவில்லை. போயிருக்கவே கூடாது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஒன்றும் தெரியாமல் இருந்தபோது அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இப்போது, தெரிந்தும் வராத தம்பி.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் சோற்றுடன் போனபோது, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மாமாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, கக்கத்தில் குடை. அவருடைய கையை மாமா பிடித்திருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"அண்டைக்கே வெளிக்கிட்டனான் அண்ணை," என்று சின்ன மாமா சொன்னார். "கண் ஆஸ்பத்திரி எண்டு நினைச்சுப் பெரியாஸ்பத்திரிக்குள்ள போயிட்டன். வார்ட்டு வார்ட்டாத் தேடினன். நேற்றைக்கு இஞ்ச வந்து சேர நேரம் முடிஞ்சு போச்சு, விடமாட்டன் எண்டிட்டாங்கள்."

மாமாவின் நெஞ்சு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் கொழும்பில் இருந்தவன் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறான் என்று அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. மிஸ்ஸி ஓடிவந்து இரண்டு பேரையும் ஏசினார். வெட்டின கண் போய்விடும், வந்தவர் எழும்பிப் போக வேண்டும் என்றார். சின்ன மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழும்பி நின்றார். இனிச் சிரிக்க மாட்டோம் என்று மாமா தமிழில் வாக்குக் கொடுத்த பிறகுதான் மிஸ்ஸி போனார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன மாமா சொன்னார்: "நான் அண்டைக்குச் செத்தவீட்டில சொன்னது, சொல்லியிருக்கக்கூடாது."

"நீ சொல்லாட்டிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பன்," என்றார் மாமா. "இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்."

நான் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனேன். மணி அடித்து, ஆட்கள் கலைகிறபோது திரும்பி வந்தேன். பாத்திரம் காலியாக இருந்தது. சின்ன மாமா ஊட்டியிருந்தார். அவருடைய சட்டையில் குழம்பு சிந்தியிருந்தது.

கட்டு அவிழ்த்த நாளில் டொக்டர் கையை அசைத்துக் காட்ட, மாமா விரல்கள் என்றார். வேறு தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் தெரியும் என்றார்கள். அதுவரை கறுப்புக் கண்ணாடி ஒன்று தந்தார்கள். நாங்கள் வெளிக்கிட்ட நாளில் சின்ன மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்து டாக்ஸி பிடித்தார். டாக்ஸிக்குள் மாமா கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் வெளியே பார்த்துக்கொண்டு, இப்போது எங்கே போகிறோம் என்று ஒவ்வொரு சந்தியிலும் என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்லச் சின்ன மாமாவும் கேட்டுக்கொண்டு வந்தார். ஸ்டேசனில் வைத்து, கோச்சி வருவதற்குச் சற்று முன், அந்தக் கடுதாசி இன்னும் இருக்கிறதா என்று கூச்சத்தோடு கேட்டார். கொடுத்தேன். ஊருக்கு வந்து துணிக்கடை நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ட்ராம் படத்துக்கும் ஒரு ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டார்.

மாமாவுக்குப் பிறகு சோடாப்போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி வந்தது. ஒரு கண்ணால் நெல்லின் மூக்குவரை பார்த்தார். வீட்டில் எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்கே சொன்னார். கணவர் முதலில் கொஞ்சம் திகைத்து, பிறகு பழகிவிட்டார். நான் பின்னாளில் துணுக்காய்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகக் கேட்டபோது, பஸ்ஸில் தனியே எப்படி என்று கணவர் இழுத்தார். மாமாதான் ஒரு வசனத்தில் முடித்துவைத்தார்: "அவா போவா."

சின்ன மாமா அடுத்த வைகாசியில் வந்தார். காய்ந்த வயல், தூசி, வெக்கை. வந்த அன்று மாமியை எரித்த இடத்துக்கு அண்ணனும் தம்பியும் போனார்கள். குளக்கட்டுக்கு அப்பால், பற்றைகளுக்கு நடுவே ஒரு வெட்டை அது. என்னை வரச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. திரும்பி வந்து கிணற்றில் நெடுநேரம் குளித்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தார்கள். பிறகு சின்ன மாமா குசினி வாசலில் வந்து நின்று, பசிக்கிறது என்றார். தட்டை எடுத்து வைத்தேன். அந்த வீட்டில் அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமா எதிரே இருந்து, தடித்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.